பள்ளிக்கூடம் போகாத பிள்ளையின் அம்மா



தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி நாங்கள் எழுதிய கட்டுரைக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் எழுதும் பரீட்சை அது. பத்து வயதுப் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் நாடு இது. கோபத்தையும் கவலையையும்தான் எதிர்பார்த்துக் கடிதங்களைப் பிரித்தோம். வெள்ளவத்தையிலிருந்து ஓர் அம்மா எழுதிய அரைப்பக்கத்தை மட்டும் எதிர்பார்க்கவில்லை. "எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். எங்களைப் புகழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். நேரமிருந்தால் ஒருநாள் வந்து பாருங்கோ."

போனேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஐந்தாம் மாடி பிளட். இடியப்பத் தட்டுகளை எடுத்து, மேசை விரிப்பைத் துடைத்து முடித்ததும் அதே மேசையில் கணிதம் தொடங்கியது. மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்மொழிப் பாடநூல்கள் ஒரு பக்கம், யாரோ படித்துவிட்டுக் கொடுத்த ஆங்கிலப் புத்தகங்கள் மறுபக்கம். நடுவில் மின்சாரப் பட்டியல். அன்றைய பாடம் அந்தப் பட்டியல்தான். வாசிப்பு எண்ணிக்கையைக் கழித்து, அலகுகளைப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் உரிய விலையால் பெருக்கிக்கொண்டு வந்த மகள் திடீரென்று நிமிர்ந்தாள்.

"அம்மா, மாசம் அறுபது அலகுக்கு மேல ஒரு அலகு கூடினாலும் முதல் அறுபதுக்கும் சேர்த்தெல்லோ விலை மாறுது? இது என்ன நியாயம்?"

அம்மா விளங்கப்படுத்தினார். மகளுக்குத் திருப்தியில்லை. குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டினால் எத்தனை அலகு மிஞ்சும் என்று தம்பி கேட்டான். பேச்சு அப்படியே ஐஸ்கிரீமுக்குத் தாவியது. அரை மணித்தியாலத்தில் முடித்திருக்க வேண்டிய பாடம் பத்தரை வரைக்கும் இழுபட்டது. வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி இழுபட விட முடியாது. வீட்டுக் கல்வியை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயங்களில் நான் முழு மனதோடு ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

ஏன் பாடசாலையை விட்டீர்கள் என்று கேட்டேன். மூத்தவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஒவ்வொரு காலையும் வான் வரும் நேரத்தில் சத்தியெடுப்பாளாம். மருத்துவர்கள் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். விடுமுறையில் சத்தி நின்றுவிடும், தவணை தொடங்கினால் திரும்ப வரும். பாடசாலையின் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஒரு தவணை வீட்டில் வைத்திருப்பம் எண்டுதான் தொடங்கினது" என்றார். தம்பிக்கு வயது வந்தபோது அவனையும் அனுப்பவில்லை.

இனி அந்த அம்மாவின் நாள். விடியற்காலையில் சமையல். எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை பாடம். அதற்கிடையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், வாசலில் காஸ் கொண்டு வரும் தம்பி, மாமியாருக்குக் குளிசை கொடுக்கும் நேரம். மத்தியானம் சோறு. பின்னேரம் வாசிப்பு, அல்லது 57ஆவது ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். இரவு பிள்ளைகள் படுத்த பிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு எழுதும் வேலை. கணவர் நல்ல மனிதர். சனி, ஞாயிறுகளில் விஞ்ஞானம் அவர் பொறுப்பு. "அவர் ஒரு பாடம் எடுத்தா எல்லாரும் அவரைப் பாராட்டுவினம். நான் எடுத்தா, வீட்டிலதானே இருக்கிறா எண்டுவினம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வீட்டில் படித்த பிள்ளைகளின் வெற்றிக் கதைகள் நமது பத்திரிகைகளில் அடிக்கடி வரும். மும்பையின் மாளவிகா ஜோஷி பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கூட இல்லாமல் 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போன கதையை நீங்களும் வாசித்திருப்பீர்கள். சர்வதேச நிரலாக்க ஒலிம்பியாட்டில் அவர் வென்ற பதக்கங்கள்தான் அந்தக் கதவைத் திறந்தன. மகளுக்காக அவருடைய அம்மா தமது வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பாடத்திட்டம் வகுத்தார் என்பதை, அந்தச் செய்தியை வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. அந்த உழைப்புக்குச் சம்பளமுமில்லை, லீவுமில்லை.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வருவோம். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பிள்ளை ஒரு வருடத்துக்கு மேல் வீட்டிலேயே படித்தது. அதை அவர்கள் ஒரு கொள்கையாக எடுத்துச் செய்யவில்லை. தரம் 1 அனுமதிக்கு வாக்காளர் இடாப்பில் பெயர் வேண்டும், வீட்டு உறுதி வேண்டும், இல்லாவிட்டால் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட தூரத்தை வைத்துப் புள்ளி போடுவார்கள். துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகும் தகப்பன், வீட்டுச் சொந்தக்காரர் எழுதித் தர மறுக்கும் ஒற்றை அறை. புள்ளி எங்கிருந்து வரும்? நேர்முகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய அந்தத் தாய், அடுத்த வீட்டுப் பிள்ளையின் பழைய கொப்பியை வாங்கி மகனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஒருத்திக்குத் தெரிவு, மற்றவளுக்குக் கதியின்மை. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, வீட்டுக் கல்வி வளர்கிறது என்று மகிழ என்னால் முடியாது. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது யாருக்காக என்று கேட்டால், முதலில் அந்த ஒற்றை அறைப் பிள்ளைக்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பல வாசகர்கள் கேட்கிறீர்கள். 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் 1998 ஜனவரி முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அந்த மேல் எல்லை 16 ஆயிற்று. வீட்டில் படிப்பிக்கிறோம் என்று போய்ப் பதிவதற்கு ஒரு மேசை ஏதாவது அலுவலகத்தில் இருப்பதாக நான் பேசிய பெற்றோர் யாருக்கும் தெரியவில்லை. ஆகவே அவர்கள் தாங்களாகவே ஆவணம் சேர்க்கிறார்கள். நாள்வாரியாக என்ன படித்தது என்ற குறிப்பு, திகதியிட்ட கொப்பிகள், வாசித்த புத்தகங்களின் பட்டியல். நல்ல பழக்கம். யாராவது கேட்டால் காட்டலாம், யாரும் கேட்காவிட்டாலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தாய்க்குத் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறப்பதைத் தடுத்தது. பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. சர்வதேசப் பாடசாலைகள் கொம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிந்துகொண்டு முளைத்தன. இன்று காலி வீதியில் நடந்து போனால் அவற்றின் பெயர்ப்பலகைகளை எண்ணிக்கொண்டே போகலாம். வியாபார நிறுவனமாகப் பதிந்த ஒன்று பிள்ளைக்குப் படிப்பிப்பது நமக்கு இயல்பாகத் தெரிகிறது. பெற்ற தாய் படிப்பித்தால் மட்டும் லிஃப்டில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்க்கிறோம்.

வெளியுலகிலும் இதற்கு ஒரே விடை இல்லை. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பிள்ளை பாடசாலையிலோ வேறு வழியிலோ கற்கலாம் என்கிறது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஜேர்மனியில் பாடசாலைக்குப் போயே ஆகவேண்டும். மறுக்கும் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறவேண்டி வரும். இந்தியாவில் 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையை உரிமையாக்கியது. வீட்டில் படிப்பிப்பவர்கள் அங்கும் தெளிவில்லாத நிலத்தில்தான் நிற்கிறார்கள்.

கொழும்பில் எல்லாப் பெற்றோரும் இந்த வேலையைச் செய்து பார்த்த காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. திறந்தன, மறுபடி மூடப்பட்டன. அந்த ஒக்டோபரில் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் எல்லாம் தனிமைப்படுத்தப்பட்டு, ஒழுங்கையை விட்டு வெளியே கால் வைக்க முடியாமல் கிடந்தோம். ஒரு கைத்தொலைபேசி, மூன்று பிள்ளைகள், மூன்று சூம் வகுப்புகள். மலைப் பக்கத்துப் பொஹிட்டியாவக் கிராமத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள்ளால் மலை ஏறினார்கள். 2021 ஜூலையில் ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையக் கற்பித்தலிலிருந்து விலகிக்கொண்டபோது அந்தச் சூமும் இல்லை. அடுத்த வருடம் கடதாசித் தட்டுப்பாடு. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. பிறகு பெற்றோல் இல்லை, வான் இல்லை, ஜூனில் கொழும்புப் பாடசாலைகள் மறுபடி மூடின. கொப்பி விலையைக் கேட்டுவிட்டு, எழுதிய கொப்பியை அழிறப்பரால் அழித்து மறுபடி எழுதவைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் வீட்டில் நடந்ததை வீட்டுக் கல்வி என்று சொல்ல முடியாது. பாடசாலையைக் குசினிக்குள் இழுத்து வந்து வைத்தோம், அவ்வளவுதான். ஆனாலும் சிலருக்கு அது ஒரு யன்னலைத் திறந்துவிட்டது. தன் பிள்ளை வாசிப்பில் எங்கே தடக்குகிறது என்று முதன்முதலாகத் தாயே நேரில் கண்டார். பாடசாலைகள் திறந்த பிறகும் சிலர் திருப்பி அனுப்பாததற்கு அது ஒரு காரணம்.

"பிள்ளை பழக ஆள் வேண்டாமா?" இந்தக் கேள்வியைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நானும் அதே கேள்வியோடுதான் அந்த பிளட்டுக்குப் போனேன். இரண்டு மணி தாண்டியதும் தம்பி பல்கனியில் போய் நின்றுகொண்டான். கையில் டெனிஸ் பந்து. கீழே வான்கள் வந்து பிள்ளைகளை இறக்கின. இறங்கியவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு, வேறு பையைத் தூக்கிக்கொண்டு ரியூஷனுக்குப் போனார்கள். ஐந்து மணிக்கும் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. அவன் தனியாக நிற்பதற்குப் பாடசாலைக்குப் போகாதது காரணமில்லை. போகிற பிள்ளைகளுக்குத்தான் விளையாட நேரமில்லை. சொந்தக்காரர்கள் கேள்வியைத் தங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் உண்டு. பாடசாலை எல்லோரோடும் பழக்கிவிடும் என்கிறோம். கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை தன் வயதுச் சிங்களப் பிள்ளையோடு ஒரு வாங்கில் இருந்து படித்திருக்குமா? பெரும்பாலும் இராது. அந்த மகளின் சிங்களம் ஃபார்மஸியிலும் வெள்ளவத்தைச் சந்தையிலும் படித்தது. மரக்கறிக்காரரோடு விலை பேசும் அவளுடைய சிங்களத்துக்கு இலக்கணம் குறைவு, துணிவு அதிகம்.

பாடசாலையைப் பற்றி அந்த அம்மா சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. விளையாட்டுப் போட்டியில் கடைசியாக ஓடி வந்து, இல்லத்துக்காகக் கைதட்டு வாங்கும் அனுபவத்தை எந்தப் பிளட்டிலும் கொடுக்க முடியாது. ஆய்வுகூடத்தில் அமிலத்தின் மணம், நாடகத்துக்கு ஒத்திகை, பிடிக்காத ஒருத்தியின் பக்கத்தில் ஒரு வருடம் இருந்து சமாளித்தல், இவையெல்லாம் படிப்புத்தான். லண்டன் ஓ.எல். எழுதுபவர்களுக்கு ஆய்வுகூடம் இல்லாமலே விஞ்ஞானம் எழுத வழியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் செய்முறைக்குப் பதிலாக ஒரு எழுத்து வினாத்தாள் உண்டு. சித்தியடையலாம். ஆனால் செம்புத் துருசு நீலம் வெளுப்பதைக் கண்ணால் காண்பது வேறு, "வெண்மையாகும்" என்று எழுதுவது வேறு.

பரீட்சைப் பாதை அடைபட்டதில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரமும் உயர்தரமும் எழுதலாம். வேண்டுமானால் பிரிட்டிஷ் கவுன்சில் ஊடாக எடெக்ஸெல், கேம்பிரிட்ஜ். அடையாள அட்டை விண்ணப்பத்தில் அதிபர் கையெழுத்துக்குப் பதில் கிராம உத்தியோகத்தரிடம் போகவேண்டும். அவருக்கு விஷயத்தை விளங்கப்படுத்த ஒரு காலைப்பொழுது போகும். அதற்குப் பிறகும் நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது.

என்னை உறுத்துவது மொழி. வீட்டில் படிக்கும் கொழும்புப் பிள்ளைகள் பலர் லண்டன் பாடத்திட்டத்துக்கே போகிறார்கள். இணையத்தில் பாடம், பயிற்சித் தாள், காணொளி எல்லாம் ஆங்கிலத்தில் கொட்டிக்கிடக்கின்றன. தமிழ் மெல்ல மெல்ல "அம்மம்மாவோட கதைக்கிற" மொழியாகச் சுருங்குகிறது. அந்த வெள்ளவத்தை அம்மா இதில் பிடிவாதக்காரி. வரலாறும் கணிதமும் தமிழில்தான். அரச பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் கைந்நூல்களும் அப்படியே. பாடசாலையை விட்டாலும் அரசின் புத்தகத்தை விடவேண்டியதில்லை.

பிள்ளைகளை அவர் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போன கதையைச் சொன்னார். 1877இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்துக்குள் காலி மும்மொழிக் கல்வெட்டு நிற்கிறது. 1409இல் பொறித்து, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல். ஒரே பலகையில் சீனம், தமிழ், பாரசீகம். சீனம் புத்தருக்குக் காணிக்கை சொல்ல, தமிழ் தெவிநுவரத் தென்னாவர நாயனாருக்குச் சொல்கிறது, பாரசீகம் இஸ்லாத்தின் இறைவனுக்கு. காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததை 1911இல்தான் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். மகள் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து, தெரிந்த எழுத்துகளைத் தேடிக் கொப்பியில் வரைந்தாளாம். தம்பியின் கேள்வி வேறு: "மதகில கிடந்த காலத்தில எத்தனை வண்டில் இதுக்கு மேலால போயிருக்கும்?" பாடசாலைச் சுற்றுலாவில் வரிசை குலையக்கூடாது என்பதால் அந்தக் கல்லுக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். அவர்கள் மத்தியானம் வரை நின்றார்கள்.

நான் புறப்படும்போது லிஃப்டில் ஒரு முதியவர் ஏறினார். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவராம். பிள்ளைகள் ரொறன்ரோவில். காலையில் மரீன் டிரைவில் நடை, பின்னேரம் ராமகிருஷ்ண மிஷன், இரவு பேரப்பிள்ளையோடு வட்ஸ்அப். மூன்றாம் மாடியில் இருக்கிறார். ஐந்தாம் மாடியில் பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஐந்தாம் மாடியில் கிழமை நாட்களில் விஞ்ஞானத்துக்கு ஆளில்லாமல் தவிக்கும் அம்மாவுக்கு, மூன்றாம் மாடியில் யார் இருக்கிறார் என்பது தெரியாது. "சேர், ஒரு நாள் மேல வந்து பாருங்கோவன்" என்று நான்தான் சொன்னேன். "படிப்பிச்சுக் கனகாலம், பிள்ளை" என்றார். ஆனால் வீட்டு இலக்கத்தைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

வெள்ளவத்தைபோல ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நிறைந்த ஊர் இலங்கையில் வேறொன்று இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். கணக்காளர்கள், பொறியியலாளர்கள், சங்கீத ஆசிரியைகள், ஆங்கிலம் கற்பித்த மிஸ்மார், எல்லோரும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகளின் தொலைபேசிக்குக் காத்திருக்கிறார்கள். அதே கட்டடத்தில் ஒரு அம்மா ஒற்றை ஆளாகப் பத்துப் பாடம் எடுத்துக் களைக்கிறார். கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு இந்த உதவி இன்னும் அவசரம். அந்தப் பிள்ளையின் தாய்க்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் சொல்லிக் கொடுக்கத் தெரியாது.

ஆகவே ஒரு வேலை தொடங்குகிறோம். வாரத்தில் ஒரு மணித்தியாலம் கொடுக்கக்கூடியவர்கள் உங்கள் பெயர், பாடம், வசதியான நேரம், எந்தப் பக்கம் என்பவற்றை எழுதி அனுப்புங்கள். வீட்டில் படிப்பிக்கும் பெற்றோரும் எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று எழுதுங்கள். பணம் இதில் இல்லை. பாடம் நடக்கும்போது பெற்றோர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். இது எங்கள் நிபந்தனை, யாரும் மனம் கோணவேண்டாம். தபாலட்டையில் எழுதினாலும் சரி, அலுவலகத்துக்கு நேரே வந்து சொன்னாலும் சரி. தமிழுக்கும் சங்கீதத்துக்கும் பலர் முன்வருவீர்கள் என்று தெரியும். பௌதிகமும் சிங்களமும் தெரிந்தவர்கள், கொட்டாஞ்சேனைப் பக்கம் வரக்கூடியவர்கள், முதலில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்